நடுவட்டத்துக்கு ஏறி வந்த படகு

ஊட்டி மலையில, நடுவட்டத்துல பஸ் நிக்கிற இடத்துல டீக்கடை வெச்சிருக்கிறவ நான். பேரு சசிகலா. அப்பப்ப யாராச்சும் கேமராவை மாட்டிக்கிட்டு வந்து, "ஏனுங்க, பாய்மரப் படகுல சாம்பியன் ஆன பொண்ணு ஊடு எங்கீங்க?"ம்பாங்க. காட்டுவேன். ஆனா அவங்கப்பாகிட்ட மட்டும் படகைப் பத்தி வாயைத் தொறக்காதீங்கன்னு சொல்லித்தான் அனுப்புவேன். ஏன், எதுக்குன்னு நோண்டுனா எனக்குக் கோவம்தான் வரும்.

அந்தப் பொண்ணு இந்துமதி, இங்க எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற லயத்துல பொறந்தவ. அப்பா செல்லையா சின்னப் பையனா சிலோன்ல இருந்து வந்தவரு. இன்னைக்கும் "சசி, ஒரு தேத்தண்ணி"ன்னுதான் கேப்பாரு. கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்ததைத் தவிர கடலைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. வேலை பாத்ததெல்லாம் எஸ்டேட் நர்சரியில. பாலித்தீன் பையில மண்ணை ரொப்பி, அடியில கம்பியால ஓட்டை குத்தி, தேயிலை நாத்து வெக்கணும். ஓட்டை குத்தலைன்னா இங்க கொட்டுற மழைக்குத் தண்ணி தேங்கி வேர் அழுகிப் போயிரும். செல்லையா ஒரு பையைக்கூட மறந்ததில்லைன்னு சூப்பர்வைசரே சொல்லுவாரு.

இந்து ஏழாவது படிக்கிறப்ப ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கக் கூடலூருக்கு வந்தாங்க. இவ போனது ஓட்டப்பந்தயத்துக்கு. அங்க கயித்தை இழுக்கச் சொல்லியிருக்காங்க. இவ இழுத்த இழுப்பைப் பாத்துட்டு மெட்ராஸ் கூட்டிட்டுப் போய்ப் படகுல ஏத்தி உட்டுட்டாங்க. நீச்சல்கூடத் தெரியாத புள்ளைங்க அது. மொத லீவுக்கு வந்தப்ப உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்த தழும்பு.

"எஞ்சின் கிடையாதா புள்ள?"ன்னேன்.

"காத்துதான் அக்கா. அது எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்துப் பாயைத் திருப்பணும்."

இந்த ஊர்க் காத்துல பொறந்து வளந்தவளுக்கு அதெல்லாம் ஒரு வேலையான்னு கேலி பண்ணேன். நான் சொன்னது பொய்யில்லை. காத்து பலமா அடிச்சு மத்த புள்ளைங்க மிரள்ற அன்னைக்குத்தான் இவ ஜெயிப்பாளாம். ரெண்டு தடவை தேசிய சாம்பியன் ஆனா. பேப்பர்ல வந்த போட்டோவை வெட்டிக் கடையில ஒட்டி வெச்சேன். அடுப்புப் புகையில இப்ப மூஞ்சியே தெரியல.

ரெண்டாந்தடவை ஜெயிச்ச வருசம் அவங்கம்மா ஆண்டாயி போய்ச் சேந்துட்டா. போட்டியில இருந்தவ மலையேறி வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு. அன்னைக்கு இந்தக் கடை பெஞ்சுலதான் உக்காந்து அழுதா.

செல்லையாவுக்கு மூச்சு இழுப்பு, வேலைக்குப் போக முடியாது. ஊட்டுல ஒருத்தராவது எஸ்டேட்ல பேர் பதிஞ்சிருந்தாத்தான் லயத்துல இருக்க உடுவாங்க. அதனால சாம்பியன் பேர் பதிஞ்சு கொழுந்து எடுக்கப் போனா. அட்டைக்கடியும் இடுப்பு வலியுமா சில வருசம் ஓடிருச்சு.

போன வருசம் ஒரு நல்ல சேதி வந்துச்சு. அடுத்த ஜனவரியில ஒரு போட்டி, அதுல மொத மூணு பேர்ல வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல மலைக்குக் கீழ வேலை, அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போயிரலாம். வயசு வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருசம். ஆனா சொந்தப் படகோட வரணும்னுட்டாங்க. பழைய படகு ஒண்ணை அவளோட கோச் ஹன்னா மேடம் எப்பவோ அவளுக்கே குடுத்திருந்தாங்க. கேரட் ஏத்திட்டுப் போன லாரி காலியாத் திரும்பறப்ப அதை ஏத்திக்கிட்டு வந்துட்டா, இங்கயே உரசிப் பூசிச் சரி பண்ணலாம்னு. மலை உச்சியில படகு. ஊரே சிரிச்சுது. "பெட்ரோல் போட்டு ஊட்டிக்கு ஓட்டிட்டுப் போ"ன்னான் ஒருத்தன். அவ காதுலயே வாங்கல. கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வந்தா இருட்டுற வரைக்கும் படகுதான்.

நவம்பர்ல அடிப்பக்கம் பூசி முடிச்சு, நிமித்தி வெச்சு, மேல தார்ப்பாய் கட்டிட்டு, புதுப் பாய் வாங்க மெட்ராஸ் போனா. அவ போனதும் புடிச்சுது மழை. காத்து தார்ப்பாயைப் பிச்சு எறிஞ்சிருச்சு. செல்லையா பக்கெட்டால மோந்து மோந்து ஊத்துனாரு. மோக்க மோக்க ரொம்புது, மனுசனுக்கு மூச்சு வாங்குது. படகு அழுகிப் போச்சுன்னா எம்புள்ள என்ன பண்ணுவான்னு கடையில வந்து பொலம்புனாரு. நேரா ஃபேக்டரிக்குப் போய் ஃபிட்டர் ரவிக்குமார்கிட்ட டிரில்லிங் மெஷின் வாங்கிட்டு வந்துட்டாரு. எதுக்குன்னு அவனும் கேக்கல.

இந்து பஸ் எறங்குனப்ப புதுப் பாயோட ஒரு முனையை நான் புடிச்சுக்கிட்டு அவகூட லயத்துக்குப் போனேன். செல்லையா வாசல்லயே காத்துக்கிட்டு நின்னாரு. மூஞ்சியில அப்படியொரு சந்தோசம்.

"வா புள்ள, வந்து பாரு. இனி ஒரு சொட்டு நிக்காது."

படகோட உள்தட்டு, அடித்தட்டு ரெண்டுலயும் வரிசை பிசகாம ஓட்டை. நாத்துப் பையில போடுவாரே, அதே மாதிரி.

இந்து குத்துக்காலிட்டு உக்காந்தா. ஒரு ஓட்டையில விரலை உட்டுப் பாத்தா. அடுத்ததுலயும் உட்டுப் பாத்தா. அப்புறம், "நல்லா பண்ணியிருக்கீங்கப்பா"ன்னா. அவரு உள்ள போய் அடுப்பு மூட்டுனாரு, புள்ளைக்குத் தேத்தண்ணி போட.

"அடைச்சுர முடியாதா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"அடைச்சா குளத்துல மிதக்கும் அக்கா. போட்டியில அளந்து பாப்பாங்க, எடை போடுவாங்க, தேறாது. வேற படகுக்கு நான் எங்க போவேன்?" படகோட பின்பக்கம் இருந்த ஒரு சின்ன மூடியைத் திருகிக் கழட்டுனா. "உள்ள நிக்கிற தண்ணி போறதுக்கு இதுதான் வழி. இதைக் கழட்டி உட்டிருந்தா தானா வடிஞ்சிருக்கும். அப்பாகிட்ட சொல்லிட்டுப் போகணும்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

எனக்கு அந்த மனுசனைப் போய் நாலு கேக்கணும்போல வந்துச்சு. அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா. "சொல்லிராதீங்க அக்கா. அவருக்குத் தெரிஞ்சா அந்த நிமிசமே உசுரை உட்டுருவாரு."

ஜனவரி வந்துச்சு. போட்டி நடக்கிற அன்னைக்கு அவ தலைத்துண்டைக் கட்டிக்கிட்டுக் கொழுந்துக்குப் போனா. கொஞ்ச நேரத்துல செல்லையா கடைக்கு வந்து பெஞ்சுல உக்காந்தாரு. வெளியில அடிச்ச காத்துல கூரைத் தகரம் படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு.

"கேட்டியா சசி? கடல்ல காத்தே இல்லையாம். போட்டியை நிப்பாட்டிட்டாங்களாம். புள்ள சொல்லுச்சு."

கடைக்கு வர்றவன் போறவன் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறவ நான். அன்னைக்கு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு, "ஆமாங்க, எங்கிட்டயும் சொன்னா"ன்னேன்.

"காத்து என்ன, அடுத்த வருசம் வந்துட்டுப் போகுது. படகு பத்திரமா இருக்கு, நான்தான் பாத்துக்கிட்டேனே"ன்னாரு. "சீனி கொஞ்சம் கூடப் போடு."