பத்து நாள் பார்க்க வேண்டிய நாய்

என் மகளை நாய் கடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்கோட்டையின் இடிந்த சுவரோரம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவளுக்கு ஆறு வயது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். அலறல் கேட்டுத் திரும்பியபோது பழுப்பாக ஒரு வால் சுவருக்குப் பின்னால் மறைந்தது. நான் கண்டது அவ்வளவுதான்.

பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஓடிவந்து குழந்தையைத் தூக்கிப்போய், அடிபம்பில் காலை நீட்டவைத்து, துணி சோப்பால் தேய்தேய் என்று தேய்த்தார். "இன்னா சார் பார்த்துகினு நிக்கிற, பம்ப அடி" என்றார். அடித்தேன். நுரை போனதும் கெண்டைக்காலில் நான்கு பல் தடம் தெரிந்தது.

மறுநாள் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. தினம் ஒண்ணு. நாயைக் கண்ல வச்சுக்குங்க. கடிச்ச நாய் பத்து நாளும் நல்லா இருந்தா மீதியை நிறுத்திடலாம். இது ஆட்டு மூளையில வளர்த்த மருந்து, எப்பவாவது ஒருத்தருக்குக் கைகால் விழுந்துடும். தேவையில்லாம ஏத்தக்கூடாது."

எனக்கு வேலை கருவிகளின் முள்ளைப் பார்த்து எண்ணை எழுதி வைப்பது. அணுமின் நிலையக்காரர்களின் குடியிருப்பான அணுபுரத்தில் பாதிப்பேருக்கு இதுபோல ஏதோ ஒன்றுதான் வேலை. எழுதி வைத்துவிட்டால் அது உண்மை என்று நம்புகிற கூட்டம் நாங்கள். அதனால் நாயைப் பார்க்கும் பொறுப்பை ஆசையோடு எடுத்துக்கொண்டேன். தினமும் டியூட்டிக்கு முன்னால் ஸ்கூட்டரில் சதுரங்கப்பட்டினம் போவேன். முதல் நாளே கோட்டை வாசலில் ஒரு பழுப்பு நாய் படுத்திருந்தது. "இந்த நாய்தானே?" என்று கருவாட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். "கோட்டையாண்ட கெடக்கற நாயி இதான் சார்" என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பன்னைப் பிய்த்துப் போட்டேன். தின்றது. நோட்டில் எழுதினேன்: சாப்பிட்டது, எச்சில் வழியவில்லை, வால் ஆட்டியது. மூன்றாம் நாள் என் ஸ்கூட்டர் சத்தத்துக்கே எழுந்து வந்தது. "நாய்க்கு நாஸ்தா வந்துகினு கீது" என்று அந்தம்மா சிரிப்பார். வீட்டில் என் மனைவி, "என் உடம்பை ஒரு நாளாவது இப்படி விசாரிச்சிருக்கீங்களா?" என்றாள். விசாரித்ததில்லை.

மதியம் அரைநாள் லீவு போட்டு, மகளோடு செங்கல்பட்டு பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவள் என் மடியில் தூங்கிவிடுவாள். ஜன்னலில் வெயிலும் வயலும் மாறி மாறி வரும். கண்டக்டரின் விசில் எங்கோ தூரத்தில் கேட்கும். பாதித் தூக்கத்தில் நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். லைப்ரரியில் படித்திருந்தேன்: வெறிநாய்க்கடிக் கிருமி ரத்தத்தில் வராது, அங்கே காவலுக்கு நிற்கிற வெள்ளணுக்கள் கண்ணில் படாது. ஏதாவதொரு நரம்பைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், மூளையை நோக்கி நடக்கும். சில வாரம் ஆகலாம், சில மாதம் ஆகலாம். அது போய்ச் சேருவதற்குள், செத்த கிருமியை வயிற்றில் தினமும் காட்டிக்காட்டி உடம்புக்கு எதிரியை அடையாளம் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதன்முதலில் இதைச் செய்தவர் நோயுற்ற முயலின் முதுகுத்தண்டை எடுத்துக் காயவைத்தாராம். அதிக நாள் காய்ந்ததை முதல் ஊசியாகவும், அன்றன்றைக்குக் கொஞ்சம் குறைவாகக் காய்ந்ததை அடுத்தடுத்தும் போட்டாராம். இதையெல்லாம் நினைத்தபடி, கொளவாய் ஏரியின் தண்ணீர் பளபளத்துக்கொண்டு வரும்வரை, நானும் அந்தக் கிருமியோடு முழங்காலைத் தாண்டி மெல்ல மேலே நடந்துகொண்டிருப்பேன். பஸ் நிற்கும்போது பயமாக இருக்கும்.

ஊசி போடும் அறையில் அந்த மயக்கமெல்லாம் கலைந்துவிடும். அவள் கத்துவாள். நான் கைகளைப் பிடிக்க, ஒரு ஆயா கால்களைப் பிடிப்பார். வயிறு முழுக்கக் கட்டிகட்டியாக வீங்கி, புது இடம் தேட வேண்டியிருந்தது. ஏழாம் நாளிலிருந்து நாய் நன்றாக இருக்க வேண்டும் என்பது எனக்கு வேண்டுதலாகவே ஆகிவிட்டது.

பத்தாவது ஊசியன்று நோட்டை டாக்டரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "போதும் சார், நிறுத்திடலாம்" என்றார். மகளுக்கு பஸ் ஸ்டாண்டில் ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ஊரில் நடந்ததே இல்லை.

மறுநாள் சாயங்காலம் நாயைக் காட்டக் கூட்டிப்போனேன். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. அவள் என் பேன்டைப் பிடித்துக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதானேம்மா?" என்றேன். கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் கேட்டேன்.

தலையாட்டினாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தாள். கடற்காற்று, மங்கல் வெளிச்சம், சவுக்குத் தோப்பு. பாதி வழியில், திரும்பாமலேயே சொன்னாள்.

"என்னைக் கடிச்ச நாய்க்கு ஒரு காது கிழிஞ்சிருந்துச்சுப்பா."

வண்டியை நிறுத்தினேன். நான் பன் போட்ட நாய்க்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. பத்து நாள் அதன் எச்சிலையும் வாலையும் எழுதியவன் நான்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா ஊசி போடுவாங்க."

"அப்ப இப்ப ஏன் சொல்ற?"

ஹேண்டில்பாரைச் சுரண்டினாள். "நான் செத்துப்போயிட்டா நீங்க பன் போட்ட நாயை அடிப்பீங்க. அது ஒண்ணுமே பண்ணலப்பா."

நடுரோட்டில் அழுதேன். சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

காலையில் கருவாட்டுக்கார அம்மாவிடம் ஓடினேன். "காது கிழிஞ்சதா? அது அந்தாண்ட தெரு நாயாச்சே. ஒரு வாரமா கண்ல படல சார். செத்துச்சோ, எங்கனா பூட்சோ, யாருக்குத் தெரியும்" என்றார். அன்றைக்கே செங்கல்பட்டு போனோம். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "ஒரு நாள்தானே தவறியிருக்கு, முடிச்சிடுவோம்" என்றார். மீதி நான்குக்கும் அவள் கத்தினாள், உதைத்தாள், ஆயாவின் கையைக் கடித்தாள். தைரியசாலிக் குழந்தையெல்லாம் இல்லை.

ஊசிகள் முடிந்தன, எனக்கு முடியவில்லை. அந்த நோய் வந்துவிட்டால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று படித்திருந்தேன். மாதக்கணக்கில், அவள் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் கையில் இருக்கும் பேப்பரைத் தாழ்த்தி அவள் கழுத்தையே பார்ப்பேன். யாருக்கும் தெரியாமல்தான் பார்த்தேன், அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கல் கழிந்து ஒரு காலை, யூனிஃபார்மோடும் ஷூவோடும் என் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றாள். கையில் டம்ளர் நிறையத் தண்ணீர். என்னைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பாத்தாச்சா? நான் ஸ்கூலுக்குப் போகட்டுமா?"