நான் போட்ட பொன்னாடை

மயிலாப்பூரில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கு இருபது வருடம் தலைவராக இருந்தவர் ஏழுமலை அண்ணன். போன வாரம் அவரை நாங்களே இறக்கினோம்.

"அவருக்கு வயசாயிடுச்சு மச்சி. ஸ்டாண்டு நல்லா இருக்கணும்ல? உம்மேல அவருக்கு உசுரு, நீ பொன்னாடை போட்டா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று ஸ்டாண்டுக்காரர்கள் பேசிப் பேசியே என்னைக் கரைத்துவிட்டார்கள்.

கூட்டத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டே எனக்காகக் குனிந்தார். பொன்னாடை தோளில் விழுந்ததும் மைக்கில், "பதவியிலிருந்து விடைபெறும் நம் அண்ணனுக்கு..." என்றார்கள். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்று காலை மந்தைவெளி சிக்னலில் அவர் ஆட்டோ என் பக்கத்தில் வந்து நின்றது. சீட்டில் அதே பொன்னாடை, மடிப்புக் கலையாமல்.

"இன்னாண்ணா, இத இன்னும் வெச்சிக்கினு கீறீங்க?"

"நீ போட்டதாச்சே நைனா. பாவம், உன்னையும் ஏமாத்திட்டானுங்க. தெரிஞ்சிருந்தா நீ போட்டிருக்கவே மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்."

பச்சை விழுந்தது. அவர் போய்விட்டார். பின்னால் ஹாரன் அடித்தும் நான் வண்டியை எடுக்கவில்லை.

இதைப் படிக்கிற ஸ்டாண்டுக்காரர்கள் யாராவது அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பொன்னாடை போட மட்டும் கை வந்தது.