வாளியில் நிறைந்த தண்ணீர்

குன்னத்தில் என் நாத்தனார் மகள் நாலாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிட்டாள். மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்த இடத்தில் ஹார்மோன் ஊசி போட்டு வளர்ப்பதால்தான் இப்படி என்று ஆளாளுக்குப் பிராய்லர் கோழியைத் திட்டினார்கள். நான் பாதியிலேயே இலையை மூடிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து லட்டைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்த என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

பெரம்பலூருக்குத் திரும்பிய பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்று டாக்டர் எனக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தார். உடம்பில் தங்காதது சிறுநீரில் போய் நிலத்தடி நீரிலும் கலக்கலாம் என்று போனில் படித்தேன். எங்கள் கொல்லையில் செப்டிக் டேங்கும் போர்வெல்லும் அருகருகே இருக்கின்றன. அந்தப் போர்த் தண்ணீரைத்தான் மகள் குடிக்கிறாள்.

"கோழி தின்னு வராதது ஒன் மாத்திரையில வந்துருமாக்கும். சும்மா கெட" என்றார் கணவர். ஆனாலும் என் நச்சரிப்புத் தாங்காமல் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஆர்.ஓ. மிஷின் வாங்கி வந்தார்.

மாட்ட வந்தவர், வடிகட்டிய தண்ணீரில் மீட்டரை விட்டுக் காட்டினார். எண் சரசரவென்று இறங்கியது.

"ஹார்மோன் போயிருச்சாங்க?"

"மீட்டரு உப்பு மட்டுந்தாங்க காட்டும். உள்ள இருக்கற மெம்பரேன் அதையும் முக்காவாசி புடிச்சிரும்னு சொல்றாங்க. நாம எங்க பாத்தோம்."

முக்கால்வாசியாவது போகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. ஒருநாள் காலை பாத்ரூம் கழுவும்போதுதான் மிஷினிலிருந்து வந்த மெல்லிய குழாயைப் பார்த்தேன். மெம்பரேன் பிடித்து ஒதுக்கியதெல்லாம் அதன் வழியாகத்தான் பாத்ரூமில் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து செப்டிக் டேங்குக்கு, அங்கிருந்து ஊறிப் போருக்கு, மறுபடி மிஷினுக்கு. காசைக் கொடுத்து என் மாத்திரையை வீட்டைச் சுற்றி ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குழாயைப் பிடுங்கி ஒரு வாளிக்குள் விட்டேன்.

சாயங்காலத்துக்குள் வாளி நிறைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வேலியோரம் ஊற்றலாம், ஆனால் அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் போர். அங்கேயும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. தெருச் சாக்கடையில் விட்டால் ஏரிக்குப் போய்விடும். கை கடுக்க நின்றேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையை எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"குடும்மா, கீரைக்கு ஊத்திட்டு வரேன்."

"வேணாண்டி. அந்தக் கீரையத்தான நாம திங்கறோம்."

"அப்ப எங்கதான் ஊத்தப் போற?"

"தெரியலடி" என்றேன். பயமாக இருந்தது. அவள் வாளியின் பிடியில் கை வைத்துவிட்டாள். நான் விடவில்லை.