நாராயணம்மாவின் மூன்றாவது காயம்

ஓசூர் சிப்காட்டில் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே அரம் பிடித்து வேலை செய்த ஒரே பெண்பிள்ளை நாராயணம்மா. தொரப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. தாயும் தகப்பனும் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எண்பத்து நாலில் தரை பெருக்கத்தான் அவளை எடுத்தார்கள். பெருக்கியது போக மிச்ச நேரமெல்லாம் பெஞ்சு என்ற வேலைமேசை முன் நிற்பவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆள் குறைந்தபோது ஃபோர்மேன் ராமப்பன் வேறு வழியில்லாமல் அவளிடம் அரத்தைக் கொடுத்தார். அதற்குப் பிறகு துடைப்பத்தை அவள் தொடவே இல்லை.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. வார்ப்பு இரும்புத் துண்டை வைஸ் இடுக்கியில் இறுக்கி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்ன உளியால் தட்டி, அரத்தால் ராவி, கடைசியில் கட்டைவிரலால் தடவிப் பார்க்கவேண்டும். விரலில் எதுவும் உறுத்தாவிட்டால் துண்டு தேறிவிட்டது. எப்போதாவது ஒரு கீறல் விழும். தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டு அடுத்த துண்டை எடுப்பாள். அதைப் போய்க் காயம் என்று சொன்னால் அவள் வீட்டில் சிரிப்பார்கள்.

எண்பத்தெட்டில் பெங்களூரிலிருந்து கிருஷ்ணப்பன் என்ற பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். தொந்தரவே அதுதான். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது என்று அவர் நிஜமாகவே ஆசைப்பட்டார். ஸ்க்ரூடிரைவர் நுனிக்கெல்லாம் கார்க் மாட்டினார். சுத்தியல்களைச் சங்கிலி போட்டு பெஞ்சோடு கட்டினார். சங்கிலி எட்டாத இடத்தில் ஆணி இருந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, ஆணியைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். டீ வாங்கப் போகிறவனும் தலையில் ஹெல்மெட்டோடுதான் போகவேண்டும். எந்தக் கட்டடம் இடிகிறது என்று டீக்கடைக்காரர் விசாரித்தார்.

இதையெல்லாம் நாராயணம்மா பொறுத்துக்கொண்டாள். கையுறையைத்தான் பொறுக்க முடியவில்லை. தடித்த தோலில் தைத்த கையுறை, எல்லாருக்கும் ஒரே அளவு. அவள் விரல் முடிந்த பிறகும் உறையின் விரல் ஓர் அங்குலம் போய்க்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உளி பிடித்தால் உளி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. அதுவரை சுத்தியலால் அடிபடாதவள், உறை போட்ட முதல் வாரமே ஆள்காட்டி விரலை நசுக்கிக்கொண்டாள். மறு மாதம் இன்னொன்று. இரண்டையும் நேராகப் போய், அடிபட்டவர் பேரைக் குறிக்கும் காய நோட்டில் எழுதவைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. நோட்டில் மூன்று முறை பேர் ஏறியவரை பெஞ்சிலிருந்து எடுத்து பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்களாம். பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணிக்கும் வேலை. ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போகச் சொல்வது அவர்களைத்தான். அங்கே போன எவரும் பெஞ்சுக்குத் திரும்பியதில்லை.

உத்தரவு வந்த நாளிலிருந்து கொட்டகையில் ஓர் அதிசயம் நடந்தது. யாருக்கும் அடிபடவே இல்லை. அதாவது, நோட்டில். விரல் நசுங்கியவன் துணியைச் சுற்றி, அதன்மேல் உறையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றான். அடிபடவைத்த உறையே அடியை மறைக்கவும் உதவியது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நாற்பது பேரும் ஆளுக்கொரு மூலையில் திரும்பி உட்கார்ந்து தின்றார்கள். கிருஷ்ணப்பன் வாசலில் பலகை வைத்து, விபத்தில்லாத நாட்களைத் தினமும் சாக்பீஸால் மாற்றி எழுதினார். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பாவம், அப்படி ஒரு பூரிப்பு.

அறுபதாவது நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி பாராட்ட வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின மாலை நாராயணம்மாவின் உளி வழுக்கியது. சுத்தியல் இடது கட்டைவிரலில் இறங்கி நகம் கறுத்துவிட்டது. ராமப்பன் ஓடிவந்து, துணியைச் சுற்றி உறையை மாட்டிக்கொள்ளும்படி காதோடு சொன்னார். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். இது மூன்றாவது, வாயைத் திறந்தால் பெஞ்சு போச்சு.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்தாள். பெஞ்சை விட அவளுக்கு மனமில்லை. ஆனால் தடவிப் பார்க்கும் விரலே வீங்கிவிட்ட பிறகு, எதைத் தடவித் துண்டு தேறியது என்று சொல்வது? பயந்து பயந்து காப்பாற்றும் பெஞ்சில் நிற்பது ஒரு நிற்பா? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பெரிய அதிகாரி பலகையைப் பார்த்துத் தலையசைத்தார். கிருஷ்ணப்பன் பாதுகாப்பு உறுதிமொழியைப் படிக்க வாயெடுத்தபோது நாராயணம்மா முன்னால் வந்து, இடது உறையைக் கழற்றினாள்.

"சார், நேத்து எனுக்கு அடிபட்டுச்சு. நோட்ல எழுதுங்க. மூணாவது."

கிருஷ்ணப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மெல்லச் சொன்னார். அவள் அசையவில்லை.

"எழுதிட்டு பேக்கிங்குக்கு அனுப்புங்க, போறன். ஆனா இவுங்கள்லாம் உறைய கழட்டுனப்புறம் அனுப்புங்க."

யாரும் கையை அசைக்கவில்லை.  தனியாக மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தாள். அப்போது ராமப்பன், எல்லாரையும் மறைக்கச் சொன்ன அதே ராமப்பன், தலையைக் குனிந்தபடி வலது உறையை உருவினார். உள்ளே இரண்டு விரலில் கட்டு. அடுத்து அவருக்குப் பக்கத்தில் நின்ற திம்மப்பன். அப்புறம் பின்வரிசை. உறைகள் தரையில் விழ விழ, மஞ்சள் பத்தும் கிழிந்த வேட்டித் துணியும் கறுத்த நகமுமாக நாற்பது பேரின் கைகளும் வெளியே வந்தன.

பெரிய அதிகாரி வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். பிறகு கிருஷ்ணப்பனிடம், இவர்கள் எல்லாரையும் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டால் அங்கே எதைப் பெட்டியில் போடுவார்கள் என்று கேட்டார்.  கிருஷ்ணப்பன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் கலங்கியிருந்தது.

மதியத்துக்குள் மூன்று காய உத்தரவு ரத்தானது. அரம் பிடிப்பவர்களுக்கு உறை கட்டாயமில்லை என்றும் ஆனது. சாயங்காலம் கிருஷ்ணப்பன் நோட்டைத் தூக்கிக்கொண்டு நாராயணம்மாவின் பெஞ்சுக்கே வந்தார். காலையில் ஏறியதையும் சேர்த்து அவள் பேருக்கு நேரே இருக்கும் மூன்று வரியையும் அடித்துவிடுவதாகச் சொன்னார். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். காரணம் என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

"எம்பேர அடிக்க வேணாம் சார். அடிபட்டது நான்தான். இந்தக் காரணத்த அடிங்க."

அவர் மேல்சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என்ன எழுதவேண்டும் என்று அவளையே கேட்டார். கையுறை என்றாள். அவர் மூன்று வரியிலும் அதை எழுதி முடிக்கும்வரை, அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.