சாரலில் காயாத சுவர்

சாரல் காலத்தில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று தென்காசியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானோ பெயின்ட் கடையில் வேலை பார்ப்பவன். ஆனியிலும் ஆடியிலும் கடைக்கு வருகிறவர்களிடம் "இப்ப வேண்டாம், புரட்டாசி வரட்டும்" என்று நானே சொல்லித் திருப்பி அனுப்புவேன். முதலாளி முறைத்தாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன், போன வருஷம் ஆடி மாதச் சாரலில், என் வீட்டு வடக்கு அறையில் பிரஷ்ஷை எடுத்தேன்.

மகளுக்குத் தலைப்பிரசவம். அவளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் பக்கம் முதல் பிள்ளையைப் பெறுவதற்குப் பெண் தாய் வீட்டுக்கு வர வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டிவருவார்கள். பிள்ளை பிறந்து சில மாதம் கழித்துத்தான் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் எங்கள் வீட்டில் தாய் இல்லை. என் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குத்துக்கல்வலசையில் புதிதாக வீடுகள் முளைத்த பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. அதில் நான் மட்டும்தான்.

மகள் வருவாளா மாட்டாளா என்று சம்பந்தி வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதையும் சட்டென்று கேட்கிற ஆள் இல்லை நான். கேட்டு, இல்லை என்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு சொல்ல என்னிடம் வார்த்தை இருக்காது. அதனால் அறையைத் தயார் செய்தேன். அறை தயாராக இருந்தால் வருவாள் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

கடையில் கலர் கலக்குவதற்கு மிஷின் இருக்கிறது. அட்டையைப் பார்த்து எண்ணைத் தட்டினால் அது கலந்து கொடுத்துவிடும். சில நேரம் எண் மாறிப்போகும். சில நேரம் வீட்டுக்காரம்மா வந்து "நான் சொன்னது இந்தப் பச்சை இல்ல" என்பார். ஒருமுறை கலந்ததைப் பிரிக்க முடியாது. அந்த டப்பாக்கள் கடையின் பின்பக்கம் தூசி பிடித்துக் கிடக்கும். அவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர் தப்புக் கலர். முதலாளியிடம் கேட்டு அவற்றில் சிலதை எடுத்து வந்தேன். மஞ்சள் கூடிப்போன ஒரு பச்சை. வெங்காயத் தோல் மாதிரி ஒரு ரோஸ். வானத்துக்கும் சேராமல் கடலுக்கும் சேராமல் ஒரு நீலம். யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன நிறங்கள்தான். ஆனாலும் திறந்து பார்த்தபோது எனக்கு எல்லாமே பிடித்திருந்தது.

குழந்தைகள் அறைக்கென்று கடைக்கு வருகிறவர்கள் முயல், பட்டாம்பூச்சி, ரயில் என்று ஒட்டுப்படம் கேட்பார்கள். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. படம் வரையவும் வராது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை எடுத்துவந்தேன். தோசைக்கல்லைச் சுவரில் வைத்துப் பென்சிலால் சுற்றிவர ஒரு வட்டம். இட்லிக் கொப்பரை மூடியை வைத்து ஒரு வட்டம். மகள் சின்ன வயதில் சாப்பிட்ட தட்டை வைத்து ஒன்று. டம்ளரை வைத்து நிறைய. உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. மோசமாக இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். பெயின்ட் வாசனை பிடித்து வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, சாரல்ல பெயின்ட் அடிக்கிய? கடையில சரக்கு தேங்கிப் போச்சோ?"

நான் சிரித்தேன். அவர் எட்டிப் பார்த்தார். மேலே கொக்கியில் என் மனைவியின் பழைய நூல் சேலையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தேன். பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

"ஐயையோ, பிள்ள பொறக்கதுக்கு முன்னால தொட்டில் கட்டுவாகளா? காத்துல வெறுந்தொட்டி ஆடுது பாருங்க. அவுத்துப் போடுங்க மொதல்ல."

அவிழ்த்தேன்.

"பொம்மையும் வாங்கக் கூடாது. புதுத்துணியும் எடுக்கக் கூடாது. எல்லாம் பிள்ள நல்லபடியாப் பொறந்த பெறவுதான்."

"சுவரு?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சுவத்துக்கு ஒரு சாத்திரமும் யாரும் சொல்லல. நீங்க அடிங்க."

மூன்று நாளாகியும் பெயின்ட் காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டியது. மலைப்பக்கமிருந்து சாரல் பொசுபொசுவென்று வந்துகொண்டே இருந்தது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்ததும் முதலில் போய்ச் சுவரைத் தொடுவேன்.

வளைகாப்பு ஆவணியில் தூத்துக்குடியில் நடந்தது. மகளைக் கூட்டிவருவதற்காக ஒரு கார் பேசியிருந்தேன். பின் சீட்டில் அவளுக்கென்று ஒரு தலையணை வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா செய்து கொடுத்த கலவைச் சாதங்களை மூடி போட்ட சம்புடங்களில் கொண்டுபோனேன். எல்லாம் நன்றாக நடந்தது. மகள் கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. ராத்திரி நேரத்துல பிள்ளைக்கு வலி வந்தா அங்கன யாரு இருக்கா? மதினி உசுரோட இருந்தா நான் ஒரு வார்த்த சொல்லுவனா? இவ இங்கனயே இருக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அறை இருக்கிறது, சுவரெல்லாம் அடித்து வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டில் ஒரு அம்மா கூப்பிட்டால் ஓடி வருவார். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். கூடத்தில் அவ்வளவு பெண்கள். நான் "சரிதான், மதினி" என்றேன்.

திரும்பும்போது பின் சீட்டில் நானும் தலையணையும் காலிச் சம்புடங்களும். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"எங்க அண்ணாச்சி, பிள்ள வரலியா?"

"பெறவு வருவா."

"பெறவுன்னா? அப்ப இன்னொரு நாளு வண்டி வேணுமா?"

"சொல்லுதேன்" என்றேன். ஆலங்குளத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். நான் இறங்கவில்லை. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் சம்புடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

கார்த்திகையில் பேத்தி பிறந்தாள். போய்ப் பார்த்தேன். பிள்ளையை வாங்கிப் பார்க்க நிறைய பேர் காத்துக்கொண்டிருந்ததால் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். அதன் பிறகு மகள் போனில் படம் அனுப்புவாள். பிள்ளை கொட்டாவி விடுவது, குப்புற விழுவது. அதை வடக்கு அறையில் உட்கார்ந்து பார்ப்பேன். சாப்பாட்டையும் அங்கேயே எடுத்துப் போய்ச் சாப்பிடப் பழகிவிட்டேன். கூடத்தில் தனியாகச் சாப்பிடுவதைவிட அது கொஞ்சம் பரவாயில்லை.

ஐப்பசி மழையிலேயே சுவரில் ஓதம் ஏற ஆரம்பித்திருந்தது. இந்த இடமெல்லாம் முன்னால் நெல் வயல். ஈரம் உள்ளிருந்து மேலே வரும். சரியாகக் காயாத பெயின்ட் என்றால் அதற்குக் கொண்டாட்டம். கீழ்ப் பக்க வட்டங்களெல்லாம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கின. அழுத்தினால் பாலாடை மாதிரி உள்ளே போகும். வேறு வீடாக இருந்தால் சுரண்டச் சொல்லியிருப்பேன். இங்கே யாருக்காக அவசரம்?

இந்த வருஷம் ஆனிக் கடைசியில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, குத்தாலத்துல சீசன் நல்லாருக்காம். எல்லாரும் வேன் பிடிச்சு வாரோம். காலைல வந்து நம்ம வீட்டுல எறங்கிட்டு, சாயங்காலம் கெளம்பிருவோம்."

"பிள்ள?"

"பிள்ள இல்லாமயா? இதென்ன கேள்வி?"

வேன் வந்தது. வீடு முழுக்கச் செருப்பும் பையும் துண்டும். பக்கத்து வீட்டு அம்மா இட்லி அவித்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் அருவிக்குக் கிளம்பினார்கள். மகள் மட்டும் "பிள்ளைக்குச் சளி, நான் வரல அத்தே" என்று நின்றுவிட்டாள். சம்பந்தியம்மா என்னையும் வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பாத்துக்கிடுங்க" என்று சொல்லி வேனில் ஏறினார்.

மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கு அறைக்குள் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் சுவரைப் பார்த்தாள். ஒரு வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது என் தட்டுதான?"

"ம்."

"இது?"

"தோசைக்கல்லு."

"தோசைக்கல்லக் கொண்டுபோயி பெயின்ட்ல வச்சியளா? அம்மா இருந்தா ஒங்கள வெளிய நிறுத்தியிருப்பா."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு, "எப்பப்பா அடிச்சிய?" என்றாள்.

"போன ஆடியில."

"ஏன் சொல்லல?"

"பிள்ளயத் தூங்க வையி" என்றேன்.

தொட்டில் கட்டிக் கொடுத்தேன். பிள்ளை தூங்கியது. மகள் கீழே பாயில் படுத்தவள் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கியிருக்க மாட்டாள். வெளியே சாரல். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்த அறை எதற்காகச் செய்யப்பட்டதோ, அந்த ஒரு மத்தியானம் அப்படியே இருந்தது.

பிள்ளைதான் முதலில் விழித்தது. அழுதால் மகள் எழுந்துவிடுவாள் என்று தூக்கிக் கீழே விட்டேன். தவழ்ந்து நேராகச் சுவருக்குப் போய், பச்சை வட்டத்தில் ஒரு கொப்புளத்தை விரலால் குத்தியது. அது உள்ளே போனதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. இன்னொன்றைக் குத்தியது. மறுபடியும் என்னைப் பார்த்தது. தடுத்திருக்க வேண்டும். அது சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். உரிந்த தோலை அது வாயில் போட்டபோதுதான் பதறிப்போய் விரலை விட்டு எடுத்தேன். பிள்ளை வீறிட்டது. அதே நேரம் வாசலில் வேன் வந்து நின்றது.

ஈரத் தலையோடு சம்பந்தியம்மா உள்ளே வந்தார். மகள் எழுந்து உட்கார்ந்து விழித்தாள். பிள்ளையின் உதட்டில் பச்சை. என் விரலிலும் பச்சை. அவ்வளவுதான், இனி இந்த வீட்டு வாசலுக்குப் பிள்ளை வராது என்று நினைத்தேன்.

அவர் பிள்ளையை வாங்கி, வாயைத் திறந்து, விரலால் துழாவிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். துடைத்தார். "ஒண்ணும் உள்ள போகல" என்றார். அப்புறம்தான் சுவரைப் பார்த்தார்.

"யாரு அடிச்சா?"

"நாந்தான்."

"அப்பா போன ஆடியிலயே அடிச்சிருக்காக, அத்தே" என்றாள் மகள்.

போன ஆடி என்றால் வளைகாப்புக்கு முன்னால். அவர் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சாரல்ல யாராவது பெயின்ட் அடிப்பாகளா? அதுவும் பெயின்ட் கடைக்காரரு" என்றார். குரலில் கோபம் இல்லை. "பிள்ள கை எட்டுத மட்டும் சுரண்டிப் போடுங்க அண்ணாச்சி. அடுத்த தடவ வாரப்ப எந்திச்சு நிப்பா."

"எம்புட்டு ஒசரம் எட்டும், மதினி?"

கேட்டது நான்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, சுவரில் கையை வைத்துக் காட்டினார். "இம்புட்டு இருக்கும்." நான் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

சாயங்காலம் கிளம்பிவிட்டார்கள். அடுத்த தடவை எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்க மறுபடியும் எனக்கு வாய் வரவில்லை. உள்ளே வந்து தொட்டிலை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

அந்த வாரமே சுரண்டிவிட்டேன். கோட்டுக்குக் கீழே இப்போது வெறும் சிமென்ட். கோட்டில் இருந்த வட்டங்களெல்லாம் பாதி பாதியாக நிற்கின்றன. கடையில் "நல்ல கலரா ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி, இப்பவே அடிக்கணும்" என்று வருகிறவர்களிடம் "புரட்டாசி வரட்டும்" என்றுதான் இந்த வருஷமும் சொல்கிறேன். வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் வடக்கு அறையில் குனிந்து கோட்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். இன்று காலையிலும் பார்த்தேன். இன்னும் ஓதம் இருக்கிறது.