சுங்காய் தோட்டத்து நோட்டில் சின்னையாவின் பெயர்

இந்தப் பயணம் என் அப்பா போயிருக்க வேண்டியது. "அடுத்த வருசம் போலாம்" என்றே காலத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினார். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டால், அந்த ஆள் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரி ஏற வேண்டும். என் தாத்தா மாரிமுத்துவின் பெயர் வந்த அன்று அவருக்கு மலேரியாக் காய்ச்சல். தம்பி சின்னையா "ஆள் இருக்கு" என்று குரல் கொடுத்து, அண்ணன் பெயரில் லாரி ஏறிவிட்டார். வயது பத்தொன்பது. திரும்பவில்லை. காய்ச்சல் விட்டதும் தாத்தா யாருக்கும் தெரியாமல் ஈப்போவுக்கு ஓடிவந்தார்; சாகும்வரை அந்தத் தோட்டத்தில் கால் வைக்கவில்லை.

ஈப்போவில் காலை ஏழு மணிக்கு வாடகைக் கார். எண்பது கிலோமீட்டர் சொச்சம், போக வர நூற்றைம்பது ரிங்கிட். கடைசி மூன்று கிலோமீட்டர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. "மழை பேஞ்சா சூசாலா, ரொம்பக் கஷ்டம், கார் உள்ள வராது" என்றார் ஓட்டி வந்த அக்கா. நல்லவேளை, வெயில். ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. முனியாண்டி கோயில் மட்டும் இருக்கிறது.

சயாம் போய்த் திரும்பாதவர்களுக்கு அங்கே வருடம் ஒருமுறை படையல்; இந்த வருடம் அது போன ஞாயிறு. பூசாரி பழைய நோட்டைப் பார்த்துப் பெரட்டு மாதிரியே பெயர் கூப்பிடுவார். குடும்பத்தார் "ஆள் இருக்கு" என்று சொல்லிச் சூடம் ஏற்றுவார்கள். யாரும் வராத பெயருக்குப் பூசாரியே குரல் கொடுப்பார். நோட்டில் மாரிமுத்து இருந்தார். சின்னையா இல்லை.

பூசாரிக்கு நாற்பது வயதிருக்கும். நான் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்தார்.

"என்னண்ணே, உயிரோட இருந்த மனுசனுக்கா இத்தன வருசமா படையல் போட்டோம்?"

"ஆமா. தம்பி பேர எழுதுங்க."

"இது எங்கப்பா கையெழுத்துண்ணே. அடிக்க மனசு வரல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்தொன்பது வயசுப் பையன். சாகும்போதும் சொந்தப் பேர்ல சாகல. இன்னும் எத்தன வருசம்?"

அவர் பேனாவை எடுத்தார். மாரிமுத்துவை அடிக்காமல், பக்கத்தில் சின்னையா என்று எழுதினார்.

பத்து மணிக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

"மாரிமுத்து!"

"காய்ச்சலு, படுத்திருக்காரு" என்றேன். நினைத்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தாலும் கங்காணி கேட்டிருக்க மாட்டார். பூசாரி தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார்.

"சின்னையா!"

"ஆள் இருக்கு."

சூடம் ஏற்றினேன்.

போக நினைப்பவர்கள் ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். பக்கத்தில் கடை கிடையாது. தண்ணீரும் சூடமும் கையோடு இருக்கட்டும். அப்புறம், சயாம் போனது யார் என்று வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்டது அப்பா படுக்கையில் விழுந்த பிறகுதான்.