கற்பூரம் அணைக்க மறுத்த டிரைவர்

செங்கல்வராயன் பேசக் கற்றபோது முதலில் சொன்ன சொல் அம்மாவும் அல்ல, அப்பாவும் அல்ல. "மாட்டேன்" என்பதுதான் என்று திருமுல்லைவாயிலில் சொல்வார்கள். அதற்குப் பிறகு வேறு சொல் எதுவும் அவருக்கு அவசரமாகத் தேவைப்படவில்லை. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஆள் எடுத்த சமயம் அவருக்கும் ஒரு வேலை கிடைப்பதாக இருந்தது. மனுவின் அடியில் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "இல்லாத ஒண்ணை நான் எப்படி எழுதுவேன்?" என்று மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கீழ்ப்படிந்தவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. செங்கல்வராயனுக்கு லாரி கிடைத்தது.

லாரி அவருடையது அல்ல, கங்காதரனுடையது. கங்காதரன் பரம்பரை பரம்பரையாகக் கழனி வைத்திருந்தவர். எண்பதுகளில் அந்தக் கழனியை மனைகளாக விற்றுவிட்டு, நாலு முதலாளி கைமாறி வந்த ஒரு பழைய லாரியை வாங்கினார். திருநின்றவூர்ப் பக்கம் சவுடு மண் ஏற்றி வந்து, தான் விற்ற அதே கழனியில் எழும்பிய வீடுகளுக்கு அஸ்திவாரத்தில் கொட்டி, அதற்கு வாடகையும் வாங்கினார். சொந்த நிலத்தைத் தானே மூடி, மூடுவதற்குக் கூலியும் பெற்ற விவசாயி என்ற பெருமை அவரைச் சேரும்.

அவருக்கு ஒரே ஒரு குறை: உலகம் முழுவதும் திருடர்கள். இதை அவர் நிரூபித்தும் வைத்திருந்தார். வண்டிக்குள் மாட்டியிருந்த அம்மன் படத்தின் மேல் ஒருநாள் காணிக்கைக் காசு வைத்தார். மறுநாள் காசு இல்லை. மேடும் பள்ளமுமான ரோட்டில் காசு கீழே விழுந்து உருண்டிருக்கலாம் என்ற எண்ணம் கங்காதரனைப் போன்ற புத்திசாலிக்குத் தோன்றாது. வண்டிக்குள் இருந்தது அம்மனும் செங்கல்வராயனும். அம்மன் எடுத்திருக்க மாட்டாள்.

ஆனாலும் அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி மூன்றரைக்கு வந்து, பிறகு மூன்றாகி, கடைசியில் இரண்டரையில் வந்து நின்றபோதுதான் வாய் திறந்தார். அதற்குள் வண்டியின் உடம்பே மாறியிருந்தது. நிற்கும்போது குளிர் ஜுரம் வந்தது போல் உதறியது. ஆவடி ஏற்றத்தில் கியரைக் குறைத்தாலும் இழுக்க மறுத்தது. பின்னால் விட்ட கறுப்புப் புகையில், வெள்ளை யூனிபாரம் போட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிய குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வேறு நிறத்தில் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

முதலில் மெக்கானிக் துலுக்கானத்தைக் கூப்பிட்டார்கள். துலுக்கானத்தின் வைத்திய சாஸ்திரத்தில் எல்லா நோய்க்கும் மூலம் டீசல் பம்ப். ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் பம்பைத்தான் கழற்றுவார். கழற்றினார், துடைத்தார், மாட்டினார். டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் மாற்றினார். வண்டி முன்னைவிட ஆவேசமாக உதறியது. "பம்புதான் அண்ணாத்தே, சந்தேகமே இல்ல. இன்னோரு தபா கயட்டணும்" என்றார்.

செங்கல்வராயனுக்கு வேறு சித்தாந்தம். பங்க்கில் டீசலோடு கிருஷ்ணாயில் கலக்கிறார்கள் என்பது அவர் முடிவு. ஒவ்வொரு தடவை டீசல் போடும்போதும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இத்த வெச்சி எங்க ஊட்ல ஸ்டவ்வே பத்த வெக்கலாம்" என்று பங்க்காரனிடம் சண்டை போட்டார். வாயெல்லாம் டீசல் நாற்றம். அவர் மனைவி நாகம்மாள் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பங்க்கை மாற்றிப் பார்த்தார். மைலேஜ் மாறவில்லை. நாக்கு ருசிதான் போயிற்று.

இந்த இரண்டு சாஸ்திரங்களையும் கங்காதரன் தள்ளுபடி செய்தார். ஒருநாள் காலை, கோயில் தெரு டீக்கடையில், ஊரே கிளாஸும் கையுமாக நிற்கும் நேரத்தில் தீர்ப்பு வழங்கினார்.

"பம்பும் இல்ல, பங்க்கும் இல்ல. டீசலு வண்டியிலேர்ந்து கேனுக்குப் போவுது. கேனு எங்க போவுதுன்னு செங்கல்வராயனைக் கேளுங்க."

செங்கல்வராயன் டீயைக் கீழே வைத்தார். "இன்னா மொதலாளி, திருடன்றியா?"

"நான் எங்கப்பா சொன்னேன்? நீ எடுக்கலைன்னா கோயிலாண்ட வந்து கற்பூரத்தை அணை. அவ்ளோதான்."

அந்தப் பக்கத்தில் இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. திருட்டுப் பழி விழுந்தவன் அம்மன் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் எடுக்கல" என்று சத்தியம் செய்ய வேண்டும். அணைத்தவன் யோக்கியன். மறுத்தவன் திருடன். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை.

"மாட்டேன்" என்றார் செங்கல்வராயன்.

 பாய்லர் மட்டும் சீறியது.

"எடுத்தவன்தான் கையைச் சுட்டுக்கணும். எடுக்காதவன் எதுக்குச் சுட்டுக்கணும்? நாளிக்கு உன் கோழி காணோம்னா அதுக்கும் ஒரு தபா அணைக்கணுமா? என் கை இன்னா கற்பூரத் தட்டா?"

"அப்ப வண்டிச் சாவியை வெச்சிட்டுப் போ."

சாவியை வைப்பது சுலபம். ஆனால் டீசல் திருடன் என்ற பெயரோடு சாவியை வைத்தவனுக்கு, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை வேறு எந்த முதலாளியும் சாவி தரமாட்டான். லாரி முதலாளிகளுக்குள் தொழிலில் ஒற்றுமை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உண்டு. இருபது வருஷ ஸ்டீரிங் அந்த டீக்கடை வாசலிலேயே முடிந்துவிடும்.

நாகம்மாள் அன்று வீட்டில் எடுத்துச் சொன்னாள். "யோவ், ஒரு செகண்டு கைய வெச்சி எடுத்தா முடிஞ்சிது. இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"கொறயாது. அதுக்கப்பறம் நான் நெஜமாவே எடுக்காதவனா, இல்ல பயந்து போய் அணைச்சவனான்னு எவனுக்குத் தெரியும்? எனக்கே தெரியாது."

"உனுக்கே தெரியாதா?" என்று நாகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப சாவியையும் குடுக்காத" என்றாள். அந்தக் குடும்பத்தில் மறுப்பது ஒருவருக்கு மட்டும் சொந்தமான கலை அல்ல.

மறுநாள் செங்கல்வராயன் கங்காதரன் முன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். "கற்பூரமும் அணைக்க மாட்டேன், சாவியும் தர மாட்டேன். என்னை இன்னாத்துக்கு சோதிக்கிற? வண்டிய சோதி. கேன் கட்டி ஓட்டுவோம். நீயே பக்கத்துல குந்திகினு வா."

கேன் கட்டி ஓட்டுவது லாரிக்காரர்களின் சோதனை முறை. டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அளந்து ஊற்றிய டீசல் கேனை வண்டிக்குள் உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராக எஞ்சினுக்கு ஒரு டியூப் விடுவார்கள். கேன் தீர்ந்து வண்டி நிற்கும் இடம்தான் மைலேஜ். அதில் யாரும் எதையும் எடுக்க முடியாது. கேன் முதலாளியின் மூக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கும்.

கங்காதரன் ஒப்புக்கொண்டார். நியூட்ரலில் விட்டு உருட்டக் கூடாது, ரயில்வே கேட்டில் நிற்கும்போது எஞ்சினை அணைக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டார். துலுக்கானம் ஐந்து லிட்டரை அளந்து கேனில் ஊற்றினார். மூன்று பேரும் ஏற, லோடு மண்ணோடு வண்டி கிளம்பியது. கங்காதரன் கேனைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போல் இமைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இருபது கிலோமீட்டர் ஓடணும். திருநின்றவூர் தாண்டிப் போவும் பாரு" என்றார்.

"திருநின்றவூருக்கே போவாது மொதலாளி."

"உன் வாயி அப்டி."

"என் வாயிலயா டீசல் ஊத்திக் கீது?"

"ரெண்டு பேரும் சண்டை போட்டா பம்புக்குக் கேக்கும்" என்றார் துலுக்கானம்.

பட்டாபிராம் தாண்டியது. நெமிலிச்சேரி நெருங்கும்போதே கேனின் அடி தெரிந்தது. ஸ்டேஷனுக்குப் பிரியும் ரோட்டருகே லாரி இரண்டு தடவை குதித்து நின்றுவிட்டது. பத்தே கிலோமீட்டர். லிட்டருக்கு இரண்டு.

செங்கல்வராயன் சீட்டில் சாய்ந்தார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை, நின்றுபோன வண்டியில் உட்கார்ந்திருக்கும் வேறு எந்த டிரைவரின் முகத்திலும் பார்க்க முடியாது. "இப்ப இன்னா சொல்ற? கேன்ல வாய் வெச்சிக் குடிச்சனா?"

கங்காதரன் யோசித்தார். யோசிக்கத் தெரியாதவர் அல்ல. "சரி. வண்டி ரெண்டுதான் குடுக்குது. ஆனா நீ இத்தினி நாளா எனக்கு ரெண்டரை காட்டின. மீதி அரை எங்கேர்ந்து வந்தது?"

"இன்னாது?"

"எவன் டீசலை எடுத்து என் வண்டியில ஊத்தின? நாளிக்கு போலீசு என் ஊட்டுக்கு வந்தா யாரு பதில் சொல்றது?"

டீசல் திருடிய குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான அதே நிமிஷத்தில், டீசல் திருடி முதலாளிக்கே கொடுத்த குற்றச்சாட்டில் ஒரு மனிதன் மாட்டியது லாரித் தொழிலில் அதுவே முதல் தடவையாக இருக்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டும், ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்தும் அந்த அரையைச் சேர்த்தது யார் என்று சொல்ல செங்கல்வராயன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "துலுக்கானம், டேங்க் குழாய மாட்டு" என்று மட்டும் சொன்னார்.

துலுக்கானம் குழாயை மாட்டி, பம்பை நாலு தட்டுத் தட்டினார். எஞ்சின் உதறிக்கொண்டே ஸ்டார்ட் ஆகிப் புகை விட்டது. செங்கல்வராயன் எஞ்சினை ஓடவிட்டு சீட்டில் காத்திருந்தார். கங்காதரன் சுண்டுவிரலைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கி, வண்டியின் மறுபக்கம் போனார். அந்தக் காரியத்துக்காகப் போகிறவர் பானெட்டைத் திறக்க வேண்டிய அவசியம் என்ன என்பதை யாரும் யோசிக்கவில்லை.

எஞ்சின் திடீரென்று ஒருமுறை விக்கியது. தொண்டையில் சோறு மாட்டியவன் போல் இன்னொரு முறை விக்கியது. செத்துப்போனது.

செங்கல்வராயன் குதித்து ஓடினார். கங்காதரன் பானெட்டுக்குள் குனிந்து நின்றிருந்தார். எஞ்சினுக்குக் காற்று உறிஞ்சும் குழாயின் வாய்க்குள் அவருடைய கை முழங்கை வரைக்கும் போயிருந்தது.

"இன்னா மொதலாளி, உள்ளாற எதுனா தொலச்சிட்டியா?"

"இல்லப்பா... சும்மா... சூடு கீதான்னு பாத்தேன்."

கையை இழுத்தார். வரவில்லை. செங்கல்வராயன் ஒரு காலை பம்பரில் ஊன்றி அவர் தோளைப் பிடித்து இழுத்தார். கையோடு, புத்தம்புதிய மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைக் காசு ஒன்றும் வெளியே வந்தது.

துலுக்கானம் கம்பியை வளைத்து உள்ளே விட்டார். கறுத்து, எண்ணெய் குடித்து, புழுதி அப்பி, எலிக்குஞ்சு போல் ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு குடும்பமே வந்தது. மாதாமாதம் குழாயின் அடியில் புழுதியைப் பிடிப்பதற்காக இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைச் செங்கல்வராயன்தான் கழுவி வைப்பார். குழாயின் வளைவுக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க அங்கே என்ன இருக்கப்போகிறது?

"இதெல்லாம் இன்னாது?"

"வேண்டுதல்பா" என்றார் கங்காதரன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "மொதல்ல நல்ல லோடு கெடைக்கணும்னு ஒரு காசு முடிஞ்சேன். அப்பறம் மைலேஜ் கொறைய ஆரம்பிச்சிது. அதுக்கு ஒண்ணு முடிஞ்சேன். இன்னும் கொறஞ்சிது. டீசல் திருடன் கையும் களவுமா மாட்டணும்னு..."

"அதுக்கும் ஒண்ணா?"

"அதுக்கு ரெண்டு."

"சாமி படத்தாண்ட வெக்கறதுக்கு இன்னா? இங்க எதுக்குய்யா சொருவின?"

"உன் கைக்கு எட்டாத எடமா பாத்து வெச்சேன்."

டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று இல்லாவிட்டால் டீசல் பாதி வெந்து கறுப்புப் புகையாகப் போகும். வண்டி உதறும், இழுக்காது. டிரைவர் இன்னும் மிதிப்பான், வண்டி இன்னும் குடிக்கும். அது குடிக்கக் குடிக்க முதலாளியின் சந்தேகம் வளரும். சந்தேகம் வளர வளர மஞ்சள் துணி உள்ளே போகும். இன்னும் ரெண்டு மாசம் பக்தி தொடர்ந்திருந்தால் வண்டிக்குப் பாடை கட்டியிருக்கலாம். ஆனால் அம்மனைக் குறை சொல்ல முடியாது. குற்றவாளி கையும் களவுமாக மாட்ட வேண்டும் என்று கேட்டார், முழங்கையோடு மாட்டினார்.

செங்கல்வராயன் சாவியைத் திருகினார். எஞ்சின் சீராக முனகியது. உதறல் இல்லை, புகையும் இல்லை.

"பாத்தியா, பம்பு இப்பதான் சரியாச்சு" என்றார் துலுக்கானம்.

திரும்பி வரும்போது கங்காதரன் குழைந்தார். "நடந்தத மறந்துடு செங்கல்வராயா. நமக்குள்ளயே இருக்கட்டும். பொங்கலுக்கு உனுக்கு வேட்டி சட்டை எடுத்துத் தரேன்."

"திருடன்னு நமக்குள்ளயா சொன்ன? டீக்கடையில சொன்ன. அங்க வந்து வாபஸ் வாங்கு."

"போவப் போவ சொல்லிக்கலாம்பா..."

கோயில் தெரு டீக்கடை வந்ததும் செங்கல்வராயன் லாரியை ரோட்டின் நடுவில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை உருவி இடுப்பில் செருகி, கைகளைக் கட்டிக்கொண்டார். பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. அதன் பின்னால் தயிர்க்காரனின் சைக்கிள் மணியடித்தது. கங்காதரன் இறங்கி, டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"வண்டியிலதாம்பா கோளாறு. சரி பண்ணியாச்சு."

"கோளாறு வண்டியிலயா?" என்று லாரியிலிருந்து குரல் வந்தது.

"சரிப்பா... செங்கல்வராயன் டீசல் திருடல."

"இன்னாது? சத்தமா சொல்லு!" என்று பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"திருடல! நான்தான் அடைச்சேன்!"

"நீயா? அப்ப டீசலை எடுத்தது நீதானா?" என்றார் ஒருவர், பன்னை டீயில் நனைத்தபடி.

பாதி உண்மை சொல்லித் தப்ப முடியாது என்று கங்காதரனுக்கு அப்போது புரிந்தது. படத்தின் மேலிருந்து காணாமல் போன காசில் ஆரம்பித்து, குழாய், மஞ்சள் துணி, திருடனுக்காக முடிந்த இரண்டு முடிச்சு வரைக்கும் நடுரோட்டில் நின்று சொல்ல வேண்டியதாயிற்று. பஸ்ஸிலிருந்த ஜனம் பாதி இறங்கிவிட்டது. செங்கல்வராயன் ஜன்னல் வழியாகக் கை நீட்டி ஒரு டீ வாங்கினார். ஆற்றி ஆற்றிக் குடித்தார். சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

கங்காதரன் சொல்லி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரியை நிமிர்ந்து பார்த்தார். "போதுமா? எடுப்பா வண்டிய."

செங்கல்வராயன் காலி கிளாஸை நீட்டினார்.

"பஸ்ஸுக்கு அந்தாண்ட கீறவங்களுக்குக் கேக்கல மொதலாளி. மொதல்லேர்ந்து சொல்லு."